அண்ணனுக்கு நான் நாடி பார்த்த காலம்

என் இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. இதயம் சோம்பினால் அதைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. அதை வைப்பதற்கு முன் நான்கு படிவங்களில் என் கையொப்பம் வாங்கினார்கள். மூன்றாவது படிவத்தில் திகதி போட இடமே இல்லை என்று சுட்டிக்காட்டினேன். தாதி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐயா என்ன வேலை செய்தனீங்கள்?" என்றார். கிளாக்கர் என்றேன். "அதுதானே" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, இனிக் கையைத் தோளுக்கு மேலே தூக்கலாம், சின்னப் பாரங்களும் தூக்கலாம் என்று பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பிள்ளை, எனக்குப் பேத்தி வயது, நீல நிற உறை போட்ட இரண்டு குட்டிக் குண்டுகளைக் கையில் தந்தது. ஒவ்வொன்றும் ஒரு கிலோ. நான் கடைசியாகப் பாரம் தூக்கி அறுபது ஆண்டுக்குக் கிட்ட. தூக்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பயப்பிடாதேங்கோ ஐயா. உங்கட நாடி இனி அறுபதுக்குக் கீழ போகாது. மெசின் விடாது."

குண்டுகளைக் கீழே வைத்துவிட்டேன். "நெஞ்சு நோகுதோ?" என்று பிள்ளை பதறியது. இல்லை என்றேன். அது முழு உண்மையல்ல.

என் அண்ணனுக்கும் இதே இதய வருத்தந்தான் இருந்தது. அறுபதுகளின் தொடக்கம். அப்போது அவருக்குப் பெட்டி இல்லை. பெட்டிக்குப் பதிலாக நான் இருந்தேன்.

அண்ணன் எனக்கு ஏழு வயது மூத்தவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவர். ஐம்பதுகளின் நடுவில் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றில் அவருக்கு மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் கிடைத்தன. கோடரி, மண்வெட்டி, சாமிப்படம் என்று மற்றவர்கள் கொண்டுபோய் இறங்கிய காட்டுக்குள் அண்ணன் அவற்றோடு ஆறடி இரும்புத் தண்டு ஒன்றையும் கொண்டுபோய் இறங்கினார். பட்டணத்தில் இருந்த காலத்தில் தேகப்பயிற்சி நிலையம் ஒன்றில் பாரம் தூக்கிப் பழகியவர். காடு வெட்டி, வயல் திருத்தி, வாய்க்காலில் தண்ணீர் முறை பார்த்து முடிந்த பிறகும் அவருக்குப் பின்னேரங்களில் மிச்சமாகக் கொஞ்சம் உடம்பு இருந்தது.

தட்டுகளை அவரே வார்த்தார். வட்டமான பிஸ்கற் தகரங்களில் சீமெந்தை ஊற்றி, நடுவில் குழாய்த் துண்டு வைத்து. தண்டின் இரண்டு பக்கமும் ஒரே நிறை இருக்கவேண்டுமே. நிறுப்பதற்குக் கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசுக்குக் கொண்டுபோனோம். மனேச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இதென்ன, மாவோ சீனியோ? கூப்பனுக்குச் சீமெந்து குடுக்கச் சொல்லி எனக்கு இன்னும் சுற்றறிக்கை வரேல்லை."

"வந்த உடனை எனக்குத்தான் முதல் சொல்லவேணும்," என்றார் அண்ணன்.

நிறை கூடிய தட்டை உளியால் கொத்திக் கொத்திச் சமப்படுத்தினோம். தாரால் அதன்மேல் இறாத்தலை எழுதியது நான். எழுதுவதும் எண்ணுவதும் அன்றைக்கே என் பங்கு. கிளிநொச்சியில் அரசாங்கக் காணிக் கந்தோர் ஒன்றில் எனக்குக் கிளாக்கர் வேலை. அண்ணன் வீட்டில் தங்கி, தினமும் நாலு மைல் சைக்கிளில் போய்வந்தேன். பின்னேரங்களில் அவர் தூக்கிய பிறகு, பாதித் தட்டுகளைக் கழற்றிவிட்டு நானும் தூக்குவேன்.

அவர் தலைக்கு மேலே கொண்டுபோன அதிகபட்சம் ஒன்றரை அந்தர், அதாவது நூற்றறுபத்தெட்டு இறாத்தல், இன்றைய கணக்கில் எழுபத்தாறு கிலோ. நான் மூன்று எண்ணும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் காணிக்காரர் வேலியில் சாய்ந்து நின்று, "உந்த நேரத்துக்கு என்ர நெல்லுமூட்டையைத் தூக்கி வண்டிலில போட்டால் எனக்கு உதவியாவது இருக்கும்," என்று சொல்வார். "மூட்டை தூக்கினால் அது வேலையாப் போயிடும் அண்ணை," என்பார் இவர்.

ஒரு சிறுபோகப் பயிர்க்காலத்தில் வாய்க்கால் வரம்பில் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். அரை நிமிடத்தில் எழுந்து, சறுக்கிவிட்டது என்றார். பத்து நாள் கழித்துக் கிணற்றடியில் விழுந்தார். அங்கே சறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இதய வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகும் மின்சாரம் தடைப்பட்டிருக்கிறது, அதனால்தான் நாடி நாற்பதில் நிற்கிறது, சில வேளை அதுவும் நின்று நின்று வருகிறது என்று வைத்தியர் விளக்கினார்.

"எங்கட கொலனிக்கு இன்னும் லைன் இழுக்கேல்லை. எனக்குள்ள இருந்த லைனும் அறுந்துபோச்சாம்," என்று அண்ணன் வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

வெளிநாடுகளில் இதற்கென்று ஒரு பெட்டி வந்திருப்பதாகவும், இங்கே இல்லை என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். மூன்று பிரதிகளோடு மேலிடத்துக்கு எழுதினேன். கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டது என்று பதில் வந்தது. கவனத்தில் எடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த வசனத்தை நானே நூற்றுக்கணக்கானவர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை தந்தார்கள். இரண்டு மாதம் ஓய்வு. அது முடிந்து திரும்பப் போனபோது அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாரம் தூக்கலாமோ ஐயா?"

வைத்தியர் உடனே மறுக்கவில்லை. நல்ல மனிதர். உடம்பை உழைப்பாளியின் உடம்பாகப் பார்த்தார். "மெல்ல மெல்லத் தொடங்கலாம். முன்னும் பின்னும் நாடி பாக்கவேணும். முப்பத்தாறுக்குக் கீழ போனால் அண்டைக்கு விட்டிடவேணும்," என்றார்.

அதை எழுத்தில் தரும்படி கேட்டவன் நான். வாய்ச்சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. வைத்தியர் சிரித்துக்கொண்டு கிளினிக் அட்டையில் எழுதி ஒப்பமிட்டார். அதோடு என் அண்ணனின் வாழ்க்கை ஒரு விதிக்குள் வந்தது. விதியை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் என் மூன்று விரல்களுக்கு வந்தது.

ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். திகதி, பாரம், முன் நாடி, பின் நாடி, குறிப்பு, ஒப்பம். கதிரையில் அவரை இருத்தி, என் மணிக்கூட்டின் செக்கன் முள்ளைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுவேன். பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்குகிறவர்கள் உண்டு. நான் அந்த வகையல்ல. அவரும் ஒப்பம் வைப்பார். "கந்தோரைக் கொண்டுவந்து என்ர முத்தத்தில வைச்சிட்டான்," என்று மச்சாளிடம் சொல்வார். அண்ணன் மனைவியை நாங்கள் மச்சாள் என்றுதான் சொல்லுவோம்.

வெறும் தண்டில் தொடங்கினார். இரண்டாம் கிழமை, ஏழு நாள் கழிந்ததும், இரு பக்கமும் சின்னத் தட்டு. ஒரு காலத்தில் ஒன்றரை அந்தரைத் தூக்கியவர், இருபது இறாத்தலைத் தூக்கிவிட்டுப் பரிசு வாங்கிய பிள்ளையைப் போல என்னைப் பார்த்தார். நாடி நாற்பது, நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது. முகத்தில் நிறம் வந்தது. வயலுக்குப் போனார். பழைய பாட்டுகளைப் பிழையான மெட்டில் முணுமுணுத்தார்.

மச்சாள் ஒருநாள் கிணற்றடியில் என்னை மறித்தார்.

"தம்பி, நீங்கள் சொன்னால் அவர் கேப்பார். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். உந்த இரும்பை விடச் சொல்லுங்கோ."

"டொக்டர் ஓமெண்டவர் மச்சாள். எழுத்தில இருக்கு."

"அவர் விழுந்தால் எழுத்து வந்து தூக்கி நிமித்துமே?"

அண்ணன் இரண்டாவது முறை விழுந்தபோது கிணற்றடியில் தனியாக நின்று கத்தியது மச்சாள்தான்.

அடுத்த கிழமை தட்டுகளை அரை அந்தராக ஏற்றினார். ஐம்பத்தாறு இறாத்தல். தலைக்கு மேலே போனது. இறக்கி வைத்தவர் வாசல் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளிறியிருந்தது. "ஒண்டுமில்லை, மூச்சுத்தான்," என்று சிரித்தார். கதிரையில் இருத்தி மணிக்கட்டைப் பிடித்தேன். குசினி வாசலில் மச்சாள் நின்றார். என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். முழு நிமிடம் எண்ணினேன். முப்பத்தெட்டு.

"எத்தினை?"

"முப்பத்திநாலு," என்றேன்.

சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. "வடிவா எண்ணினியோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். "அப்ப எழுது," என்றார். எழுதினேன். அவரும் ஒப்பம் வைத்தார். பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் அடுக்கினார்.

என் எண்ணம் இதுதான். கந்தோரில், கொடுக்கவும் முடியாத மறுக்கவும் முடியாத ஒரு விண்ணப்பம் வந்தால், 'மேலதிக விவரம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்புவோம். மூன்று தடவை அனுப்பினால் விண்ணப்பகாரர் களைத்துப்போவார். யாரும் மறுத்ததாக ஆகாது. அண்ணனுக்கும் அதைத்தான் செய்தேன். இரண்டு மூன்று கிழமையில் பாரம் தூக்கும் ஆசை விட்டுவிடும், பிறகு எண்ணை மெல்ல மேலே கொண்டுவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். விண்ணப்பகாரர்கள் களைத்து வீட்டுக்குப் போனபிறகு அங்கே என்ன செய்கிறார்கள் என்று நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

பொய்ப் பதிவு எழுத எனக்குக் கற்றுத்தரத் தேவையில்லை. கந்தோரில் வரவு பதியும் இடாப்பில் கள்ளம் செய்தவர்களை நான் பிடித்ததே அவர்களுடைய ஒழுங்கை வைத்துத்தான். எல்லா நாளும் ஒரே நேரம் எழுதியிருப்பார்கள். அந்தப் பிழையை நான் விடவில்லை. முப்பத்திநாலு, முப்பத்தைந்து, முப்பத்திமூன்று, திரும்ப முப்பத்திநாலு. ஒருநாள் முப்பத்தாறு என்று எழுதி ஆசை காட்டி, அடுத்தநாள் முப்பத்திமூன்றுக்கு இறக்கினேன். பார்க்கிற எவரும் நம்புவார்கள். பார்த்தது ஒரே ஒருவர். நம்பினார்.

முதலில் தண்டை விட்டார். பிறகு, கிணற்றில் அள்ளுவதை விட்டார். பிறகு வயலுக்குப் போவதை. அந்தப் போகத்து வயலைப் பக்கத்துக் காணிக்காரரிடம் பங்குக்குக் கொடுத்தார். வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். சீமெந்துத் தட்டுகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். ஒன்று கன்று கட்டப் போனது, ஒன்று ஒருவர் வீட்டு வேலிப் படலை ஆடாமல் முண்டுகொடுக்கப் போனது. பின்னேரம் நான் சைக்கிளை நிறுத்தியதும் கையை நீட்டுவார். எண்ணுவேன். முப்பத்தொன்பது இருக்கும். நாற்பது இருக்கும். முப்பத்திமூன்று என்பேன்.

மச்சாள் திரும்பவும் கிணற்றடியில் மறித்தார்.

"தம்பி, பாரத்தை விட்டால் காணும் எண்டுதான் கேட்டனான். இவர் இப்ப பிள்ளையளையும் தூக்கிறாரில்லை. சின்னவள் போய்க் கையை நீட்டினால், அப்பா ஏலாதெண்டு திருப்பி அனுப்புறார்."

அப்போது சொல்லியிருக்கலாம். பதிவேட்டில் ஒரு எண்ணைத் திருத்தினால் பக்கத்தில் காரணம் எழுதி ஒப்பமிடவேண்டும். அந்தக் காரணத்தை எழுதும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

பிறகு ஒருநாள் அண்ணன், "டேய், அந்தப் பின்னுரிமைப் படிவம் ஒண்டு கொண்டுவா," என்றார். குடியேற்றக் காணிக்காரர் தமக்குப் பின் காணி யாருக்கு என்று பெயர் குறித்துப் பதியவேண்டும். ஆறு ஆண்டுகளாக நான் நச்சரித்தும், "இப்ப என்ன அவசரம், நான் சாகிறாப்போலையோ கிடக்குது," என்று தட்டிக் கழித்து வந்தவர். இப்போது தானாகக் கேட்டார். கொண்டுவந்தேன். நானே நிரப்பினேன். ஒரு பிழை இல்லை. சாட்சி என்ற இடத்தில் கையொப்பம் என்னுடையது.

கிளினிக் நாள் வந்தது. போகமாட்டேன் என்றார். "போய் என்னத்தைக் கேக்கிறது? கொப்பியிலதானே எல்லாம் கிடக்கு." மச்சாள் அழுதார். அதனால் ரயிலேறினார். கொப்பி எப்படியாவது வீட்டில் தங்கிவிடும் என்று நம்பினேன். பளை தாண்டும்போதுதான் பார்த்தேன், அவருடைய சேட்டுப் பையில் மடித்துச் செருகியிருந்தது.

வைத்தியர் நாடி பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"நாப்பது. மோசமில்லை. எவ்வளவு தூக்கிறீர் இப்ப?"

அண்ணன் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். வைத்தியர் ஒரு பக்கம் வாசித்தார். மறு பக்கம் திருப்பினார். திரும்ப மணிக்கட்டைப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்து நெடுநேரம் எண்ணினார்.

"இதை எண்ணினது ஆர்?"

"தம்பி," என்றார் அண்ணன்.

"பிழையா எண்ணியிருக்கிறார். நாலு மாசமா இப்பிடி இருந்திருந்தால் நீர் நடந்து வந்து இந்தக் கதிரையில இருக்கமாட்டீர்."

"இல்லை ஐயா. என்ர தம்பி பிழையா எண்ணமாட்டான்," என்றார்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். சாட்சிக்கு அழைப்பவர் போலத் திரும்பினார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவருடைய வாய் மூடிக்கொண்டது. கொப்பியை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். வைத்தியரைக் கும்பிட்டார். வெளியே வந்து ஸ்டேசன்வரை எனக்கு முன்னால் நடந்தார். நாலு மாதமாகப் படலைவரைகூட நடக்காதவர்.

ரயில் ஆனையிறவுக்கு வந்தது. யன்னலுக்கு வெளியே உப்பு வெளி போய்க்கொண்டிருந்தது.

"மச்சாள் செய்யச் சொன்னவவோ?"

"இல்லை அண்ணை. நான்தான்."

"எல்லா நாளுமோ?"

"ஓம்."

கோபமே இல்லாத குரலில் சொன்னார். "நான் செத்துக்கொண்டிருக்கிறன் எண்டு நாலு மாசம் இருந்தனான்டா. ஒவ்வொரு நாளும் பின்னேரம் உன்ர சைக்கிள் சத்தம் கேக்கேக்கை, இண்டைக்கு என்ன சொல்லப்போறானோ எண்டு இருந்தனான்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. பரந்தன் வந்தபோது கடலைச் சுருள் ஒன்று வாங்கிப் பாதியை என் கையில் கொட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் செய்தது, சின்னவளைத் தூக்கியது. அடுத்தநாள் தண்டை வெளியே எடுத்தார். வெறும் தண்டே நெஞ்சுக்கு மேலே போக மறுத்தது. நாலு மாதம் கதிரையில் இருந்த உடம்பு. தட்டுகளைத் திரும்ப வாங்கப் போனார். கன்றுக்காரர், "தந்ததைத் திருப்பிக் கேக்கிறியோ, வெட்கமில்லையோ?" என்று பகிடி பண்ணி இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். என்னிடம் மணிக்கூட்டைக் கேட்டு வாங்கி, கழுத்தில் விரலை வைத்துத் தானே எண்ணப் பழகினார். கொப்பியில் எழுதவில்லை. அது பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. நான் கேட்டு வாங்கிய மாற்றம்தான். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வசதி' என்று எழுதியிருந்தேன்.

மாதம் ஒருமுறை போய்வந்தேன். கடைசியாகப் போன அன்று முப்பது இறாத்தல்வரை ஏறியிருந்தார். எனக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தில் விரல் வைத்து எண்ணத் தொடங்கியவருக்கு மூச்சு வாங்கியது. எண்ணிக்கை குழம்பியது.

"அண்ணை, நான் ஒருக்கால் பாக்கட்டே?"

சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். "வேண்டாம்டா. நீ சொன்னால் நான் நம்பிப்போடுவன்."

மூன்று கிழமையில் தந்தி வந்தது. வயலுக்குத் தண்ணீர் மறிக்கப் போனவர் வாய்க்கால் வரம்பில் விழுந்து எழும்பவில்லை. பாரம் தூக்கும்போது அல்ல. கையில் மண்வெட்டி மட்டுந்தான் இருந்ததாம். கடைசிப் பஸ்ஸைப் பிடித்து மாங்குளம் கடந்து போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள்.

மூன்றாம் நாள், ஆட்கள் குறைந்த பிறகு, மச்சாள் குசினி வாசலில் இருந்து மெல்லச் சொன்னார்.

"அண்டைக்குக் காலமையும் தூக்கினவர் தம்பி. தானே எண்ணினவர். எத்தினை எண்டு கேட்டனான். நாப்பத்திரண்டு, நல்லாயிருக்கு, நீ பயப்பிடாதை எண்டு சொல்லிப்போட்டுத்தான் வயலுக்குப் போனவர்."

சொல்லிவிட்டு, அது சரியான எண்தானா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். அண்ணன் எண்ணியதா, மச்சாளுக்காகச் சொன்னதா, எனக்குத் தெரியாது. நல்ல எண் மச்சாள் என்றேன்.